பனி விலகினால் காற்று கடலைக் கடைந்துவிடுமா?

ஆடி பிறந்துவிட்டால் செட்டிநாட்டு ஊரணிகளில் இதைப் பார்க்கலாம். விடியற்காலையில் பச்சைப் பாசி தண்ணீர் முழுக்கப் பரவிக் கிடக்கும். வெயில் ஏறி மேல்காற்று கிளம்பியதும் பாசி மெல்ல நகர்ந்து கிழக்குப் படித்துறையில் போய் அடையும். பாசி விலகிய பக்கம் சிற்றலை ஓடும். பாசி அடைந்த பக்கம் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும். அதே காற்று, அதே தண்ணீர். மேலே என்ன மிதக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

சிற்றலை ஓடும் பக்கத்தில் இறங்கி முங்கினால் இன்னொன்றும் தெரியும். மேலே ஒரு முழத்துக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கால் எட்டும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். பாசி விலகிய இடத்தில்கூடக் காற்றால் அடிவரை கலக்க முடியவில்லை.

ஆர்க்டிக் கடலைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் இந்த இரண்டாவது விஷயம் விட்டுப்போகிறது. "பனி ஒரு மூடி. மூடி விலகினால் காற்று கடலைக் கலக்கும். அடியில் இருக்கும் வெந்நீர் மேலே வரும். மிச்சப் பனியும் உருகும்." கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடலில் உண்மையான மூடி பனி அல்ல, அதற்குக் கீழே இருக்கும் உப்புக் குறைந்த தண்ணீர். பனி உருகும்போது ஒரு மூடி விலகுகிறது, இன்னொரு மூடி தடிக்கிறது. எது ஜெயிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். இதைப் பிரித்துப் பார்க்காமல் துருவக் கடலைப் பற்றிப் பேசினால் கணக்கு உதைக்கும்.

முதலில் அடுக்குகள். ஆர்க்டிக்கின் மேல்பகுதித் தண்ணீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும், அதாவது மைனஸ் 1.8 டிகிரிக்குப் பக்கத்தில். 150 மீட்டருக்குக் கீழே ஏறத்தாழ 900 மீட்டர் வரை அட்லாண்டிக்கிலிருந்து வந்த தண்ணீர் கிடக்கிறது. அதன் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல். அங்கே தேங்கியிருக்கும் வெப்பம் முழுவதும் மேலே வந்தால் ஆர்க்டிக் பனி மொத்தத்தையும் பலமுறை உருக்கிவிடும். ஆனாலும் வெதுவெதுப்பான தண்ணீர் கீழே கிடக்கிறது, குளிர்ந்த தண்ணீர் மேலே மிதக்கிறது. நம் ஊரணிக்கு நேர் தலைகீழ்.

காரணம் உப்பு. ஊரணியில் மேலே 32 டிகிரி, அடியில் 28 டிகிரி என்று வையுங்கள். அந்த 4 டிகிரி தரும் எடை வித்தியாசம் ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ. உறைநிலைக்குப் பக்கத்தில் கடல்நீர் வெப்பத்துக்கு அவ்வளவாக விரிவதில்லை. அங்கே இரண்டரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் எடை 0.15 கிலோ அளவுக்குத்தான் மாறும். உப்போ ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு கிராம் கூடினாலே கன மீட்டருக்கு 0.8 கிலோ ஏற்றிவிடும். கனடா பக்கத்துப் படுகையில் மேல்தண்ணீரின் உப்பு 28 கிராம், அட்லாண்டிக் தண்ணீரின் உப்பு 34.8 கிராம். வித்தியாசம் கன மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் உப்பு வேகமாக ஏறும் ஓர் அடுக்கு இருக்கிறது, அதை உப்புச்சரிவு என்கிறோம். துருவக் கடலின் கதை முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னத் தொட்டி போதும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள கண்ணாடித் தொட்டி. உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கூடினால் விளிம்பே காற்றை மறைத்துவிடும். இரண்டு வாளியில் தனித்தனியாக மூன்றரை லிட்டர் தண்ணீர். ஒன்றில் 125 கிராம் உப்பு, மற்றதில் 100 கிராம். கல் உப்பு என்றால் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள், அழுக்கு இருந்தால் கோடு தெரியாது. இரண்டு வாளியையும் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் வையுங்கள், வெப்பம் சமமாக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் சோதனை சொதப்பும். 100 கிராம் வாளியில் மூன்று சொட்டு நீல மை விடுங்கள்.

உப்பு கூடிய தண்ணீரை முதலில் தொட்டியில் ஊற்றி அலை அடங்கும்வரை விடுங்கள். அதன்மேல் ஒரு தெர்மகோல் துண்டை மிதக்கவிட்டு, அந்தத் துண்டின் மேல் நீலத் தண்ணீரைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முழுவதும் ஊற்ற இருபது நிமிடம்கூட ஆகலாம். அவசரமாக ஊற்றினால் நடுவில் ஒரு மங்கல் பட்டை உருவாகும், பிறகு எதுவும் தெளிவாகத் தெரியாது. முடிந்ததும் தெர்மகோலைப் பக்கவாட்டில் சாய்த்து மெல்ல எடுங்கள். நேரே தூக்கினால் அடியில் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும்.

இப்போது மேசை மின்விசிறியை இரண்டடி தள்ளி, குறைந்த வேகத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நீலத் தண்ணீர் காற்றடிக்கும் திசையில் ஓடி எதிர்ச்சுவரில் முட்டும், கோட்டை ஒட்டியபடியே திரும்பி வரும். கோடு சாயும். விசிறிப் பக்கம் நீலம் மெலியும், எதிர்ப்பக்கம் தடிக்கும். ஆனால் கோடு உடையாது. விசிறியை நிறுத்துங்கள். மேற்பரப்பு சட்டென்று அடங்கிவிடும், உள்ளே கோடு மட்டும் இப்படியும் அப்படியும் சாய்ந்தாடும், ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒரு ஆட்டம். மேலே அலையே இல்லாதபோது உள்ளே ஓடும் இந்த அலைதான் உள்ளலை. பிறகு இரண்டு வாளியிலும் ஒரே அளவு உப்பு போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். விசிறி போட்ட கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க நீலமாகும்.

மூன்றாவது முறை, தொட்டியின் உள்ளளவுக்கு வெட்டிய தெர்மகோல் அட்டையைச் சுவர்களில் இறுக்கமாகப் பொருத்தி மேலே போடுங்கள். உள்ளே ஒன்றும் அசையாது. அட்டையைச் சின்னத் துண்டுகளாக நொறுக்கி மிதக்கவிட்டால் துண்டுகள் காற்றில் ஓடும், தண்ணீரையும் கூடவே இழுக்கும். இந்த மூன்றாவது பாகத்தில்தான் "மூடி" என்ற உவமை தோற்றுப்போகிறது.

கடல்பனி ஒரே தகடு அல்ல. நடுக்குளிர்காலத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று நெருக்கி இறுகும்போது அது பொருத்திய அட்டைபோல நிற்கும். காற்றின் விசை பனிக்குள்ளேயே நெரிபட்டுத் தீர்ந்துவிடும், கடலுக்கு இறங்காது. தளர்ந்த பனி அப்படியல்ல. அதன் மேல்பக்கம் மேடும் விளிம்புமாகக் காற்றைப் பிடிக்கிறது. அடிப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பாளங்கள் கப்பலின் அடிமரம்போல் பல மீட்டர் இறங்கித் தண்ணீரை இழுக்கின்றன. திறந்த கடலின் வழவழப்பான மேற்பரப்பைவிட இது காற்றுக்கு நல்ல பிடி. மாதிரிக் கணக்கீடுகளில் பனி 80 முதல் 90 சதவீதம் மூடியிருக்கும்போதுதான் காற்றின் உந்தம் கடலுக்கு அதிகமாகப் போகிறது. முழுக்க இறுகிய பனியிலும் குறைவு, பனியே இல்லாத கடலிலும் அதைவிடக் குறைவு. ஆகவே பல ஆண்டுப் பழைய கெட்டிப் பனி போய் மெல்லிய, தளர்ந்த பனி வருவதே கடலின் மேல் விழும் இழுவையைக் கூட்டிவிடும். பனி முழுக்க மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பனி காற்றோடு எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்தவர் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென். 1893 முதல் 1896 வரை நடந்த பயணத்தில் ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு அதோடு மிதந்துபோனவர். பனி காற்றின் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதைக் குறித்துவைத்தார். பூமி சுழல்வதால் வரும் இந்த விலகலை ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1905இல் கணிதமாக்கினார். அதே பயணத்தில், சைபீரியக் கரையோரம் உருகுநீர் மேலே மிதந்த இடத்தில், இயந்திரம் முழு மூச்சில் ஓடியும் ஃப்ராம் ஆமைபோல ஊர்ந்தது. மாலுமிகள் அதைச் செத்த தண்ணீர் என்றார்கள். கப்பலின் ஆற்றல் முழுக்க இரண்டு தண்ணீருக்கும் நடுவில் உள்ளலை எழுப்பச் செலவாகிறது என்று எக்மன் 1904இல் காட்டினார். தொட்டியில் ஆடிய அதே கோடுதான்.

காற்றால் எவ்வளவு முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே 20 மீட்டர் இலகுவான தண்ணீர், அதன்கீழ் 20 மீட்டர் கனமான தண்ணீர், வித்தியாசம் கன மீட்டருக்கு 5 கிலோ. இரண்டையும் முழுக்கக் கலப்பது என்றால் கனத்தண்ணீரை மேலே தூக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஆகும் வேலை: வித்தியாசம் 5, புவியீர்ப்பு 9.8, ஆழத்தின் இருபடி 400, எல்லாவற்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் 9,800 ஜூல். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்த கடலின் மேல் அதன் இழுவை சதுர மீட்டருக்கு 0.15 நியூட்டன் அளவு. அதிலிருந்து கொந்தளிப்பாக மாறி அடுக்கை அரிக்கக் கிடைப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.0018 வாட். 9,800ஐ அதால் வகுத்தால் 54 லட்சம் விநாடி, அதாவது ஓயாமல் இரண்டு மாதம்.

இது குத்துமதிப்புதான். ஆனால் இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். ஒன்று, காற்றின் வேகம் கூடினால் இந்த ஆற்றல் மூன்றாம் படியில் கூடும். 15 மீட்டர் வேகம் என்றால் இரண்டு மாதம் 19 நாளாகச் சுருங்கும். ஆகவே கடலைக் கலக்குவதில் சராசரிக் காற்றைவிடப் புயல்களுக்குத்தான் பங்கு அதிகம். இரண்டு, எடை வித்தியாசம் 5லிருந்து 0.5 ஆகக் குறைந்த இடத்தில் அதே 10 மீட்டர் காற்று ஒரே வாரத்தில் வேலையை முடித்துவிடும். துருவக் கடலின் இரு பக்கங்களுக்கும் உள்ள வேற்றுமை இந்த இரண்டாவது வரியில் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

காற்று நேரே அரிப்பது ஒரு வழி. இன்னொரு வழி சுற்றி வருகிறது. காற்று ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றாலும் மேல்தண்ணீர் நிற்காது, பூமியின் சுழற்சியால் வட்டமடிக்கும். ஒரு வட்டத்துக்கு ஆகும் நேரம் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. காரைக்குடிக்கு நேர் கிழக்கே வங்கக் கடலில் அது 68 மணி நேரம். துருவத்துக்குப் பக்கத்தில் 12 மணி நேரம். இப்படி வட்டமடிக்கும் தண்ணீர் அடியில் உள்ள உப்புச்சரிவை ஏற்றி இறக்கி உள்ளலைகளைக் கிளப்பும். அந்த அலைகள் ஆழத்துக்கு இறங்கி உடையும்போது அங்கே கலப்பு நடக்கும். மற்றக் கடல்களில் ஓதமும், அதாவது கடல் ஏறி வற்றுவதும், இந்த வேலைக்குக் கை கொடுக்கும். ஆர்க்டிக்கில் 74.5 டிகிரிக்கு வடக்கே அரைநாள் ஓதம் எழுப்பும் உள்ளலை தங்குதடையின்றிப் பரவ முடியாது. எனவே அங்கே ஆழத்துக்கு ஆற்றல் கொண்டுபோகக் காற்றின் பங்கு முக்கியமாகிறது.

பனி இருந்தால் இந்த வட்டத்துக்கு மேலிருந்து ஒரு கை தடை போடும். ஓடும் தண்ணீர் பனியின் அடியில் உரசிக் களைத்துப்போகும். கீழே போய்த் திரும்பி மேலே வரும் உள்ளலையும் பனியடியில் முட்டி ஆற்றலை இழக்கும். இந்தக் காரணங்களால் ஆர்க்டிக்கின் உட்பகுதி உலகக் கடல்களிலேயே மிக அமைதியானது. கனடா படுகையில் 200, 300 மீட்டர் ஆழத்தில் வெப்பமும் உப்பும் படிக்கட்டு போட்டதுபோல் ஏறும். ஒவ்வொரு படியும் சில மீட்டர் தடிமன், ஒரே படி பல நூறு கிலோமீட்டருக்கு அறுபடாமல் நீள்கிறது. கொஞ்சம் பலமாகக் கலக்கினால் அழிந்துபோகும் அமைப்பு அது. அந்தப் படிகள் வழியே மேலே கசியும் வெப்பம் சதுர மீட்டருக்கு 0.05 முதல் 0.3 வாட். ஒரு வாட் ஓராண்டு முழுக்கக் கிடைத்தால் 10 செ.மீ. பனி உருகும். ஆக இந்தக் கசிவு ஆண்டுக்கு அரை முதல் மூன்று செ.மீ. பனிக்கு மேல் உருக்காது.

சரி, பனி குறைந்திருக்கிறதா? செயற்கைக்கோள் பதிவு 1979லிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. 1980களில் செப்டம்பர் பரப்பு 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சத்துக்கு இறங்கியது, பதிவில் அதுவே மிகக் குறைவு. அந்த ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் நடு ஆர்க்டிக்கைக் கடந்தது, மைய அழுத்தம் 966 ஹெக்டோபாஸ்கல். பனியைப் புயல்தான் தின்றது என்று அப்போது பலர் எழுதினார்கள். பின்னர் கணினி மாதிரிகளில் புயலை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, புயல் இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு சாதனைக் குறைவுதான் என்று தெரிந்தது. புயலால் வந்த கூடுதல் குறைவு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் அளவு. அதுவும் ஆழத்து அட்லாண்டிக் வெப்பத்தால் வந்ததல்ல. வெயில் சூடாக்கி, மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே தங்கியிருந்த வெப்பத்தைப் புயல் கிளறிப் பனியடிக்குக் கொண்டுவந்ததுதான்.

அந்த வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை அடித்த மொட்டைமாடியில் மத்தியானத்திலும் வெறுங்காலோடு நடக்கலாம், பக்கத்திலேயே கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. புதுப்பனி விழுந்த கடல்பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். திறந்த கடல் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும். வாங்கிய வெப்பம் உருகுநீர் அடுக்குக்குக் கீழே, 20, 25 மீட்டரில் ஒரு பட்டையாக அடைபட்டு நிற்கும். மேலே உருகுநீர் மூடியிருப்பதால் கோடை முடிந்தும் அது வெளியேறாது. இலையுதிர் காலத்தில் ஒரு நல்ல காற்று அந்த 20 மீட்டரை அரித்துவிட்டால் வெப்பம் மேலே வரும், உறைவது தள்ளிப்போகும்.

பருவக்கணக்கு இங்கே முக்கியம். செட்டிநாட்டில் காற்று ஆடியில், கண்மாய் நிறைவது ஐப்பசி கார்த்திகையில். காற்று பலமாக இருக்கும்போது கண்மாயில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் ததும்பும்போது அந்தக் காற்று இருக்காது. இரண்டும் ஒன்றாக வந்தால் கரை என்னவாகும் என்பது கண்மாய் மடை காப்பவர்களுக்குத் தெரியும். ஆர்க்டிக்கிலும் முன்பு அப்படி ஒரு விலகல் இருந்தது. கோடையில் கடல் திறக்கும், காற்று மந்தமாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் காற்று பலக்கும், அதற்குள் பனி மூடியிருக்கும். இப்போது உறைவது தாமதமாவதால் பலத்த காற்றும் திறந்த கடலும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றன. காற்று ஓடிவரத் திறந்தவெளி நீளும்போது அலையும் வளரும். 2012 செப்டம்பரில், அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடலில் 5 மீட்டர் அலை அளக்கப்பட்டது. ஒரு காலத்தில் பனி மூடி அலையே எழாத இடம் அது. ஆகவே செப்டம்பர்ப் பரப்பை மட்டும் பார்ப்பதைவிட அக்டோபரில் எவ்வளவு கடல் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே கலப்பைப் பொறுத்தவரை சரியான கேள்வி என்பது என் கருத்து.

இனி இரண்டு பக்கங்கள். கனடா பக்கத்தில் காற்று வலஞ்சுழியாகச் சுழன்று நன்னீரை நடுவில் குவிக்கிறது. ஆறுகளின் நீர், பசிபிக்கிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர், பனி உருகிய நீர் எல்லாம் அங்கே சேர்கின்றன. 2018 வாக்கில் போஃபோர்ட் சுழல் என்ற இந்தச் சுழலில் தேங்கியிருந்த நன்னீர் 23,500 கன கிலோமீட்டர், 1970களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 2.65 கன கிலோமீட்டர். கூடியது மட்டுமே இரண்டாயிரத்துச் சொச்சம் மேட்டூர். உருகுநீரின் பங்கைச் சின்னக் கணக்கிலும் பார்க்கலாம். ஒரு மீட்டர் பனி உருகி மேல் 10 மீட்டரில் கலந்தால் உப்பு 30 கிராமிலிருந்து 28க்கு இறங்கும். எடை வித்தியாசத்தில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல், நம் ஊரணியின் வித்தியாசம் முழுவதையும்விட அதிகம். பனி இவ்வளவு குறைந்தும், 1980களின் அளவீடுகளோடு ஒப்பிட்டவர்கள் அங்கே ஆழத்தில் உள்ளலை ஆற்றல் அதற்கேற்ப உயர்ந்ததைக் காணவில்லை. பனியற்ற கடலில் காற்று அடித்தபோதே அளந்தும் அட்லாண்டிக் அடுக்கில் கலப்பு சொற்பமாகவே இருந்தது. பனி விலகி ஒரு மூடி போனது, நன்னீர் சேர்ந்து இன்னொன்று தடித்தது. இதுவரை இரண்டாவதன் கையே ஓங்கியிருக்கிறது.

யூரேசியப் பக்கத்தில் கதை வேறு. அட்லாண்டிக் தண்ணீர் நுழையும் வாசல் அதுதான். அங்கே அது மேற்பரப்புக்குக் கிட்டத்தில் ஓடுகிறது, மேலே நன்னீரும் குறைவு. உப்புச்சரிவு மெலிந்துவருகிறது. மெலிந்தால் குளிர்காலக் கலப்பு ஆழம்வரை போகும். போனால் வெப்பம் மேலே வரும், பனி மெல்லியதாகும், காற்றுக்கு வழி இன்னும் விடும். சைபீரியக் கரையோர லாப்டேவ் கடலுக்கு வடக்கே நங்கூரமிட்ட கருவிகளின்படி, குளிர்காலத்தில் அட்லாண்டிக் அடுக்கிலிருந்து மேலே வந்த வெப்பம் 2007-08இல் சதுர மீட்டருக்கு 3, 4 வாட். 2016-18இல் அது 10 வாட்டைத் தாண்டிவிட்டது. 10 வாட் ஆறு மாதம் கிடைத்தால் அரை மீட்டர் பனிக்குச் சமம். கனடா பக்கத்துக் கசிவோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. இரண்டு படுகையையும் ஒரே தட்டில் வைத்து "ஆர்க்டிக்கில் கலப்பு கூடிவிட்டது" என்றோ "கூடவில்லை" என்றோ எழுதுவது இரண்டுமே பிழை.

உயிர்களுக்கும் இதே கணக்குதான். மேல்தண்ணீரில் கோடையில் நைட்ரேட் என்ற உரம் தீர்ந்துவிடும், கீழேயிருந்து ஏறி வந்தால்தான் மிதவைப் பாசி வளரும். 1998இலிருந்து 2018 வரை ஆர்க்டிக்கின் பாசி விளைச்சல் 57 சதவீதம் உயர்ந்தது. முதலில் திறந்த பரப்பும் நாளும் கூடியதால், பிறகு உரமும் கூடுதலாகக் கிடைத்ததால். பனி விளிம்பு கண்டத்திட்டின் சரிவைத் தாண்டி விலகிய இடங்களில் கரையோரக் காற்று ஆழ்நீரை மேலே இழுப்பதும் இதற்கு உதவும். கனடா படுகையின் நடுவிலோ நன்னீர் அழுத்தி உரத்தை ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே பாசி மங்கிய வெளிச்சத்தில் 60 மீட்டர் ஆழத்தைத் தேடிப் போகிறது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கஷ்டம். கடலின் உப்பை யாரும் காய்ச்சி நிறுப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 1953இலிருந்து மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடியில் இந்தக் கொள்கையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. துருவத்தில் வரும் சிக்கல் வேறு. கருவியை மைனஸ் 30 டிகிரிக் காற்றிலிருந்து தண்ணீருக்குள் இறக்கும்போது கடத்துதிறனை அளக்கும் குழாய்க்குள் ஒரு சின்னப் பனித்துகள் உறைந்தால் போதும், கடத்துதிறன் குறைந்து தண்ணீர் நன்னீர்போலக் காட்டும். இல்லாத உருகுநீர் அடுக்கு ஒன்று பதிவாகிவிடும். அதனால் கருவியை மேற்பரப்புக்குக் கீழே சில நிமிடம் நிறுத்தி உருகவிட்டுத்தான் இறக்க வேண்டும். கப்பலிலிருந்து அளந்தால் கப்பலே மேல் 5, 10 மீட்டரைக் கலக்கிவிடும், இருக்கும் அடுக்கு காணாமல்போகும். ஒரே கருவியின் தவறு இரண்டு எதிர்த்திசையில் போகலாம்.

நீரோட்டத் திசை இன்னொரு தொல்லை. காந்த துருவத்துக்குப் பக்கத்தில் காந்தப்புலம் கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குவதால் திசைகாட்டி முள் தள்ளாடும், ஒலியலை ஓட்டமானி காட்டும் திசையை அப்படியே நம்ப முடியாது. 2004 முதல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் பனிப்பாளத்தில் துளையிட்டு 800 மீட்டர் கம்பி தொங்கவிட்டு, அதில் ஏறி இறங்கும் கருவியால் 7 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை அளந்துவருகிறது. கப்பல் இல்லாமல் குளிர்காலம் முழுக்கத் தரவு கிடைக்கிறது. ஆனால் கட்டியிருக்கும் பாளமே உருகினாலோ இரண்டு பாளம் மோதி நெரித்தாலோ கருவி போய்விடும். பனி எங்கே வேகமாக மாறுகிறதோ அங்கேதான் தரவு சீக்கிரம் அறும்.

இந்தியாவுக்கும் அங்கே ஒரு நங்கூரம் உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இல் வந்தது. அதையொட்டிய காங்ஸ் ஃபியோர்டில் 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் இண்ட்ஆர்க் என்ற நங்கூரக் கருவித்தொடர் இறக்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 79 டிகிரி வடக்கில் காற்று கிளப்பும் வட்டத்தின் நேரம் 12.2 மணி, அரைநாள் ஓதத்தின் நேரம் 12.42 மணி. இரண்டும் இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் நான்கு வாரமாவது அறுபடாத பதிவு வேண்டும், இல்லையென்றால் எது காற்றின் ஓட்டம், எது ஓதத்தின் ஓட்டம் என்று பிரிக்கவே முடியாது. வங்கக் கடலில் 68 மணியையும் 12.42 மணியையும் ஒரு வாரப் பதிவிலேயே பிரித்துவிடலாம். அங்கே பழகியவர்கள் துருவத் தரவை எடுத்தால் முதலில் தடுக்குவது இந்த இடத்தில்தான்.

அண்டார்டிகாவைச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே பெரும்பகுதிப் பனி ஒவ்வொரு கோடையிலும் உருகித்தான் போகும். உப்புச்சரிவு ஆர்க்டிக்கைவிட மெலிது, கீழே பூஜ்ஜியத்துக்கு மேல் வெப்பமுள்ள ஆழ்நீர் காத்திருக்கிறது. மெலிந்த அடுக்கு ஒருமுறை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1974 முதல் 1976 வரை வெடெல் கடலில் நடுக்குளிர்காலத்தில் திறந்து கிடந்த பெரும் பனியற்ற பரப்பு சாட்சி. ஆழ்நீர் மேலே வந்து வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருந்ததால் அந்த இடம் உறையவே இல்லை. 2017இல் அதே வட்டாரத்தில் மாட் என்ற கடலடி மேட்டின் மேல் சின்ன அளவில் மறுபடியும் திறந்தது, அப்போதும் கடும் புயல்களுக்குப் பங்கு இருந்தது. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகப் பனி 17.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. அதே ஆண்டுக் குளிர்கால உச்சமும் பதிவிலேயே மிகக் குறைவு.

தொட்டிச் சோதனையைப் பள்ளியில் செய்துகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒன்று. விசிறியை நிறுத்தியதும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ஓர் இரவு அப்படியே மூடிவையுங்கள். மறுநாள் காலையில் நீலக் கோடு கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனால் இருக்கும். பிறகு மேல்தண்ணீரை அரை லிட்டர் மொண்டு, அதில் 50 கிராம் உப்பு கரைத்து, தெர்மகோல் துண்டின்மேல் மெல்லத் திரும்ப ஊற்றச் சொல்லுங்கள். கடல் உறையும்போது பனி வெளியே தள்ளும் உப்புக்கு இது ஈடு. நீலம் விரல் விரலாகக் கோட்டைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போகும். அதன்பின் விசிறியைப் போடுங்கள், முந்தைய நாள் அசையாத கோடு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பிள்ளைகள் கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும்.